யன்னல் திறப்பு விழா

மார்கழி மாதத்தில் ஒரு சனிக்கிழமை என் மனைவியின் தோடு ஒன்று சேலை அலுமாரிக்குப் பின்னால் விழுந்துவிட்டது. மகன் வந்திருந்தான். அவனும் நானுமாக அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்தோம். தோடு கிடைத்தது. கூடவே சுவரும் தெரிந்தது. தரையிலிருந்து என் இடுப்பு உயரம் வரை கறுத்துப் போயிருந்தது. தொட்டால் விரலில் மை போல ஒட்டியது.

"பூஞ்சணம்," என்றாள் மனைவி, கட்டிலில் இருந்தபடியே. சொல்லிவிட்டு இருமினாள்.

அந்த இருமல் மூன்று குளிர்காலமாக இருந்து வந்தது. படுத்தால் இழுக்கும், எழும்பி இருந்தால் கொஞ்சம் விடும். குளிர்தான் காரணம் என்று இருவரும் ஒரே மனதாக நம்பியிருந்தோம். டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரில் இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஐந்து யன்னல், ஒரு பல்கனிக் கதவு. ஒவ்வொரு யன்னலுக்கும் மேலே காற்று வர ஒரு சிறிய துளை வைத்திருப்பார்கள். அந்த ஐந்தையும் நான் ஒட்டுநாடாவால் மூடியிருந்தேன். அவள் ஏணியைப் பிடித்தாள். பல்கனிக் கதவின் கீழ் இடுக்குக்குப் பழைய துவாய் ஒன்றைச் சுருட்டி வைத்தது அவளுடைய யோசனை. அவள் இருமும்போதெல்லாம் நாங்கள் இன்னொரு இடுக்கைத் தேடி அடைத்தோம்.

வைத்தியர் சொன்னது சுருக்கமானது. அந்தச் சுவர் காயும்வரை அவள் அந்த வீட்டில் படுக்கக்கூடாது. மகன் அவளை உடனே தூரத்து ஊரான புரொண்பிக்கு, தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வீட்டுச் சொந்தக்காரக் கம்பனி ஆட்களை அனுப்பியது. அவர்கள் சுவரைச் சுரண்டி, மருந்து பூசி, வெள்ளை அடித்துவிட்டு, வீட்டுக்குக் காற்று விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பூச்சு மேலே காய்ந்திருந்தது. உள்ளே சுவர் ஈரமாகவே இருந்தது.

அன்று பின்னேரம் மகன் தொலைபேசியில் கதைத்தான்.

"அப்பா, மாசி முடியிற வரைக்கும் பாப்பம். காயாட்டில் வீட்டைக் குடுத்திட்டு நீங்களும் இஞ்ச வாங்கோ. மேல் அறை சும்மாதானே கிடக்கு."

"காயும்."

"எப்பிடிக் காயும்? இது டென்மார்க். சித்திரை வரைக்கும் இஞ்ச ஒண்டும் காயாது."

"காயும் எண்டு சொன்னனெல்லே."

எப்படிக் காயும் என்று எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் வீட்டைக் கொடுப்பதில்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது. மகன் வீட்டில் ஒரு குறையும் இல்லை. மருமகள் நல்ல பிள்ளை. பேத்தி நான் கேட்பதற்கெல்லாம் டேனிஷில் பதில் சொன்னாலும் அன்பாகத்தான் சொல்லுவாள். ஆனால் அங்கே நான் தேத்தண்ணி குடிப்பதற்கு ஒரு நேரம் இருக்கும், அந்த நேரத்தை வேறொருவர் தீர்மானிப்பார். இங்கே எந்த பஸ் எத்தனை நிமிடம் பிந்தும் என்பது எனக்குத் தெரியும். நூலகத்தில் எந்தக் கதிரைக்குப் பக்கத்தில் ஹீற்றர் இருக்கிறது என்பதும் தெரியும். மனைவிக்கு இங்கே சொந்தமாக ஒரு குசினி இருக்கிறது. எழுபத்தைந்து வயதில் இவையெல்லாம் சின்ன விஷயங்கள் என்று சொல்பவர்களுக்கு எழுபத்தைந்து வயது ஆகவில்லை.

ஈரப்பதனை அளக்கும் சிறிய கருவி ஒன்று வாங்கினேன். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. ஊரில் சில காலம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தேன். இங்கே வந்து ஓய்வு பெறும்வரை ஒரு களஞ்சியத்தில் பெட்டிகள் எண்ணினேன். எண்ணுகிற கைக்கு ஏதாவது வேலை வேண்டும். கருவியைப் படுக்கையறையில் வைத்தேன். எழுபத்தொன்று காட்டியது. ஐம்பதுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் வீடு காய்ந்துவிட்டது என்று எனக்கு நானே ஓர் இலக்கு வைத்துக்கொண்டு, மகனுக்கும் சொன்னேன்.

காற்று விடச் சொன்னார்களே, வெளியே என்ன நிலைமை என்று பார்க்கலாம் என்று கருவியைப் பல்கனியில் வைத்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றுநான்கு.

உடனே மனைவிக்கு அழைத்தேன்.

"உள்ளுக்கு எழுபத்தொண்டு. வெளியில தொண்ணூத்திநாலு. எழுபத்தொண்டு இருக்கிற வீட்டுக்குத் தொண்ணூத்திநாலைக் கூப்பிட்டு விருந்து வைக்கச் சொல்லுறாங்கள்."

"எனக்கு உங்கட கணக்குத் தெரியாது," என்றாள். "ஆனால் வேலையில காலமை போனவுடன முதல் வேலை யன்னல் திறக்கிறதுதான். எவ்வளவு குளிரெண்டாலும் பத்து நிமிஷம்."

அவள் ஒரு முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடம் வேலை செய்தவள்.

"பதினெட்டு வருஷம் அங்க திறந்தனீர். எங்கட வீட்டில ஒரு நாள் திறந்தனீரோ?"



"அது அவையள்," என்றாள். "அவைக்குப் பழக்கம். எங்களுக்குப் பனி பட்டால் தடிமன் வரும்."

சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் மொழியில் புல்லில் இருக்கும் நீர்த்துளியும் பனி, வானத்திலிருந்து விழும் வெள்ளையும் பனி. விடியப்புறம் தலையில் பனி படக்கூடாது என்று துவாயைச் சுற்றிக்கொண்டு நடந்த பயத்தை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டின் குளிருக்குப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனாலும் தொண்ணூற்றுநான்கு தொண்ணூற்றுநான்குதானே. நான் திறக்கவில்லை. ஹீற்றர்களை முழு அளவுக்குத் திருப்பிவிட்டு, வீட்டுக்குள் பெனியனுடன் இருந்தேன். காலையில் யன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் வழிந்தது. துடைத்துப் பிழிந்து, பிழிந்ததைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்த்தேன். கிண்ணத்தில் அரைவாசி வந்தது. அடுத்த நாளும் அரைவாசி. கருவி எழுபதைச் சுற்றியே நின்றது. அவள் தொலைபேசியில் என்ன எண் என்று கேட்பாள், நான் சொல்லுவேன், அவள் ம் என்பாள். அந்த ம் எனக்குப் பிடிக்கவில்லை.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு அவள் வேறொரு விஷயம் கதைத்தாள். பேத்தியோடு தினமும் நடக்கப் போகிறாளாம். உதடும் குதிக்காலும் வெடிக்கிறதாம், பேத்தி கிறீம் பூசிவிடுகிறாளாம்.

"ஒண்டு கேக்கிறன்," என்றாள். "வெளியில அவ்வளவு ஈரமெண்டால் ஏனப்பா என்ர குதிக்கால் வெடிக்குது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் ஒரு சொல் வந்து நின்றது. சாரீரப்பதன். கருவியில் உள்ள எண்ணுக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்த பெயர் அது. கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன். ஈரப்பதனுக்கு முன்னால் ஒரு 'சார்' ஒட்டியிருக்கிறது. எதைச் சார்ந்தது? அந்தக் காற்று எவ்வளவு நீரைத் தாங்குமோ அதைச் சார்ந்தது. குளிர்ந்த காற்று தாங்குவது கொஞ்சம். ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பை தொண்ணூற்றுநான்கு வீதம் நிறைந்திருந்தாலும் அதில் உள்ளது சில மிடறுதான். அதே காற்று வீட்டுக்குள் வந்து சூடானதும் கோப்பை கல்யாணச் சமையல் கிடாரமாகிவிடும். அதே சில மிடறு கிடாரத்தின் அடியில் கிடக்கும். மிச்ச இடத்துக்கு அது சுவரிலிருந்தும் மெத்தையிலிருந்தும் நீரை இழுக்கும். அவளுடைய குதிக்காலிலிருந்தும் இழுக்கும்.

"என்ன, சத்தத்தைக் காணேல்லை?"

"உம்மட குதிக்கால் சரியாத்தான் சொல்லுது," என்றேன். "நான் பிறகு எடுக்கிறன்."

ஊரில் இதைப் படிப்பித்தபோது உள்ளேயும் வெளியேயும் ஒரே வெக்கைதான். மழை பெய்தால் யன்னலைச் சாத்துவோம், அது சரியாக இருந்தது. 'சார்' என்ற அந்த எழுத்துகளுக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. சோதனைக்கு எழுதினார்கள், புள்ளி போட்டேன்.

அடுத்த நாள் காலை ஏணியை வைத்து ஐந்து ஒட்டுநாடாவையும் உரித்தேன். ஏணியைப் பிடிக்க ஆளில்லாததால் மெதுவாக ஏறினேன். பிறகு ஹீற்றர்களை நிறுத்தினேன், இல்லாவிட்டால் யன்னல் திறந்தவுடன் அவை பயந்து முழு வேகத்தில் கொதிக்கும். ஓவர்கோட், கம்பளித் தொப்பி, கையுறை போட்டுக்கொண்டு ஐந்து யன்னலையும் பல்கனிக் கதவையும் அகலத் திறந்து, வரவேற்பறைக் கதிரையில் இருந்தேன். திரைச்சீலைகள் எழும்பி அடித்தன. நாட்காட்டி சுவரிலிருந்து விழுந்தது. பத்து நிமிடத்தில் சாத்தினேன். வீடு மீண்டும் சூடானபோது கருவி ஐம்பத்திரண்டு காட்டியது.

நான் துள்ளிக் குதிக்கவில்லை. நல்லதுதான், ஏனென்றால் இரண்டு மணித்தியாலத்தில் அது அறுபத்தாறுக்கு ஏறிவிட்டது. மெத்தை, புத்தகங்கள், கட்டிலுக்குக் கீழே அடுக்கியிருந்த சூட்கேஸ்கள் எல்லாம் மூன்று வருடமாகக் குடித்ததை மெல்ல விட்டுக்கொண்டிருந்தன. மத்தியானம் மறுபடி திறந்தேன். பின்னேரம் மறுபடி.

மட்டக்களப்பு நண்பர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னோடு களஞ்சியத்தில் வேலை செய்தவர். கதவைத் திறந்தபோது நான் தொப்பியோடு நின்றேன்.

"அண்ணை எங்கயோ வெளிக்கிடுறியள் போல."

"இல்லை, உள்ளுக்கு வாரும். கோட்டைக் கழட்டாதையும்."

அவர் வந்து, திறந்திருந்த யன்னல்களைப் பார்த்து, என்னைப் பார்த்து, கதிரையின் நுனியில் இருந்தார்.

"அண்ணி போய் ஒரு மாசம்தானே ஆகுது," என்றார் கவலையாக.

விளக்கினேன். கோப்பையும் கிடாரமும் சொன்னேன். கருவியைக் காட்டினேன். அவர் கையுறைக்குள் கையை விட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப ஒரு நாளைக்கு மூண்டு திறப்பு விழா," என்றார். "ரிபன் வெட்டுறதுக்கு ஆரையாவது கூப்பிடுறதில்லையோ?"

"உம்மட வீட்டு அலுமாரியையும் ஒருக்கா இழுத்துப் பாரும்."

"நான் பாக்கமாட்டன். பாத்தால் வேலை."

அன்றிலிருந்து அவர் அழைத்தால் முதல் கேள்வி, "அண்ணை, விழா முடிஞ்சுதோ?" என்பதுதான். அந்தப் பெயர் எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது. டேனிஷ்காரர் இதற்கு வைத்திருக்கும் சொல் எங்கள் வாயில் சரியாக வராது, ஆகவே இழப்பு ஒன்றுமில்லை.

எதிர்வீட்டு டேனிஷ் அம்மா தினமும் காலையில் போர்வைகளை யன்னலில் தொங்கவிடுவார். குளிரில் காயப்போடுகிறார்கள் என்று முன்பெல்லாம் நாங்கள் சிரித்திருக்கிறோம். எங்களுக்குத் தெரிந்த காயப்போடுதல் வெயிலில்தான். இப்போது நானும் இரண்டு போர்வையையும் தொங்கவிட்டேன். அவர் கையை அசைத்தார். நானும் அசைத்தேன். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அலுமாரியைக் காலியாக்கி, சேலைகளைக் கதிரைகளிலும் கொடிகளிலும் விரித்தேன். அவள் என்னிடம் எப்போதும் சொல்லி வந்த கணக்கு நாற்பது.

"அறுபத்துமூண்டு," என்றேன் தொலைபேசியில்.

"ஈரப்பதனோ?"

"சேலை."

"எண்ணினனீங்களோ?"

"ஓம்."

"எண்ணுறதுக்கு அங்க வேற ஒண்டும் இல்லையாக்கும்," என்று சொல்லிப் பேத்தியிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் தை மாதம் எனக்கு எதிராக நின்றது. குளிர் வரவில்லை. மேற்கிலிருந்து நனைந்த காற்று, ஏழு பாகை, எட்டுப் பாகை, ஓயாத தூறல். மற்றவர்கள் இந்த வருடம் நல்ல காலநிலை என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. வெளியே சூடு கூடக்கூடக் கோப்பை பெரிதாகிறது, உள்ளே வரும் நீரும் கூடுகிறது. எண் ஒரு நாளைக்கு ஒன்று இறங்கும், மழைக்கு ஒன்றரை ஏறும். காலையில் எழுந்தவுடன் கைத்தொலைபேசியில் காலநிலை பார்ப்பேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எந்த எண்ணுக்குப் பயந்தேனோ, அந்தச் சைபருக்குக் கீழான எண்ணைத் தேடினேன். கிழக்குக் காற்று அடிக்காதா என்று காத்திருந்தேன். கோயிலுக்குப் போனபோதும் அதையே கேட்டேன். பக்கத்தில் நின்றவருக்குச் சொல்லியிருந்தால் வெளியே தள்ளியிருப்பார்.

வேறொரு கவலையும் இருந்தது. அவள் அங்கே இருமவில்லை. ஒரு பின்னேரம் அழைத்தேன், பேத்தி எடுத்து, அப்பம்மா வெளியே போய்விட்டா என்று டேனிஷில் சொன்னாள். இன்னொரு நாளும் அப்படியே. மருமகளின் சிநேகிதிகளோடு தையல் வகுப்புக்குப் போகிறாளாம். நல்ல விஷயம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் இங்கே ஓவர்கோட்டோடு யாருக்காக யன்னல் திறக்கிறேன் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. சுவர் காய்ந்து, அவள் வரமாட்டேன் என்றால்?

கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அங்க உமக்கு வசதியோ?"

"வசதிதான். சமையலும் மருமகள்தான் செய்யிறா. நான் சும்மா இருக்கிறன்."

"சும்மா இருக்கிறது நல்லதுதானே."

"ம்," என்றாள். "சும்மா இருந்து இருந்து கை விறைக்குது. நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"புட்டு."

"குசினி யன்னல் திறந்தோ அவிச்சனீங்கள்?"

"திறந்துதான்."

"கோட்டைப் போட்டுக்கொண்டோ?"

"ஓம்."

அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பை வைத்து எதையும் கணக்கிட முடியாது, ஆனால் அன்றைக்கு நாலு தரம் திறந்தேன்.

மாசி பிறந்து சில நாளில் காற்று கிழக்குக்குத் திரும்பியது. காலையில் வானம் சுத்தமான நீலம். பல்கனியில் சைபருக்குக் கீழே எட்டு. தெருவில் தேங்கியிருந்த தண்ணீர் கண்ணாடியாகி, சைக்கிள்காரர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள். நான் யன்னல்களைத் திறந்தேன். குளிர் நெஞ்சில் வந்து இடித்தது. மூக்குக்குள் மயிர் விறைத்தது. ஐந்து நிமிடத்தில் சாத்தினேன், அதற்கு மேல் தேவைப்படவில்லை. மத்தியானம் கருவி முப்பத்தெட்டு காட்டியது. பின்னேரம் நாற்பத்தேழு. அடுத்த நாள் நாற்பத்தைந்து. ஒன்பது நாள் அந்தக் காற்று விடாமல் அடித்தது. என் உதடு வெடித்தது, கை முட்டிகளில் தோல் பிளந்தது. ஒவ்வொரு வெடிப்பையும் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. சுவரை உள்ளங்கையால் தடவினேன். குளிர்ந்திருந்தது, ஆனால் ஒட்டவில்லை. அலுமாரியை இந்தமுறை சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, அறுபத்துமூன்றையும் மடித்து அடுக்கினேன்.

பிறகு மீண்டும் மேற்குக் காற்று வந்தது, தூறலும் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இரவு முழுக்கச் சாத்தி வைத்திருந்து காலையில் பார்த்தால் நாற்பத்தொன்பது. அடுத்த காலையும் நாற்பத்தொன்பது.

மட்டக்களப்பு நண்பர் அழைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"அண்ணை, அலுமாரியை இழுத்தன்."

"என்ன?"

"உங்கட அந்தக் கருவி எங்க வாங்கினீங்கள்?"

மாசி மாதத்தின் கடைசி ஞாயிறு மகன் அவளை அழைத்துக்கொண்டு வந்தான். முடிவெடுக்கும் நாள் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. சப்பாத்தைக் கழற்றியவுடன் படுக்கையறைக்குப் போய்ச் சுவரைத் தடவினான். பிறகு சட்டைப்பையிலிருந்து தானே வாங்கிய கருவி ஒன்றை எடுத்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஐம்பத்தொண்டு காட்டுது, அப்பா."

"என்ரை நாற்பத்தொன்பது."

"உங்கடது ரெண்டு குறைச்சுக் காட்டுது."

"உன்ரை ரெண்டு கூட்டிக் காட்டுது."

"நீங்கள் ஐம்பதுக்குக் கீழ எண்டுதானே சொன்னீங்கள்?"

"ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினால்..."

"ஐம்பது," என்றான். "கீழ இல்லை."

இருவரும் இரண்டு கருவிகளையும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் எங்களைத் தாண்டிப் போனாள். கோட்டைக் கழற்றாமல் கட்டிலில் ஒரு தரம் படுத்தாள். கண்ணை மூடி, மூக்கால் நீளமாக மூச்சு இழுத்து, விட்டாள். மறுபடி இழுத்தாள். நாங்கள் இருவரும் எண்களை விட்டுவிட்டு அவளுடைய நெஞ்சைப் பார்த்தோம். இழுப்புச் சத்தம் வரவில்லை.

எழும்பி அலுமாரியைத் திறந்து பார்த்தாள்.

"மடிச்ச முறை பிழை," என்றாள். "இந்த வீட்டைக் குடுக்கிறது எண்டு ஆர் சொன்னது?"

மகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"அம்மா, திரும்ப இழுத்தால்?"

"இழுத்தால் வாறன். உன்ர வீடு ஓடியே போகப்போகுது? தம்பி, அந்த ரெண்டு சாமானையும் எடுத்து அங்கால வை. புட்டு அவிக்கப் போறன். ஆவி வரும், எல்லாத்தையும் திறவுங்கோ."

ஐந்து யன்னலையும் பல்கனிக் கதவையும் திறந்தோம். ஹீற்றர்களை நான் நிறுத்தினேன். மகன் கழற்றிய கோட்டை மறுபடி போட்டுக்கொண்டான். புட்டுக் குழலிலிருந்து எழுந்த ஆவி குசினி யன்னலுக்கு நேரே போய், வெளியே கலைந்தது. அடுப்பில் அது வேகும்வரை அவள் தேத்தண்ணி ஊற்றினாள். மூவரும் மேசையைச் சுற்றிக் கோட்டோடு இருந்தோம். எதிர்வீட்டு அம்மா மூன்று கோட்டையும் பார்த்துக் கையை அசைத்தார்.

அவள் ஒரு மிடறு குடித்துவிட்டு இருமினாள்.

மகனும் நானும் கோப்பையைக் கீழே வைத்தோம்.

"புரைக்கேறினது," என்றாள். "ரெண்டு பேரும் என்னைப் பாக்காமல் குடியுங்கோ. பத்து நிமிஷம் முடிஞ்சுதெல்லே, யன்னலைச் சாத்துங்கோ."

கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இன்னும் ஒரு நிமிஷம் கிடக்கு," என்றேன்.